ரத்தத்தைப் பின்னமாக்கிய கணக்கு

கேள்வி: அமெரிக்கப் பூர்வகுடிகள் என்று சொல்லிக்கொள்பவர்களில் பலர் பார்ப்பதற்கு வெள்ளையர்களைப் போலவே இருக்கிறார்கள். பேசுவது ஆங்கிலம், போடுவது ஜீன்ஸ். கேட்டால் எட்டில் ஒரு பங்கு ரத்தம், பதினாறில் ஒரு பங்கு ரத்தம் என்கிறார்கள். இவர்களுக்கு எதற்குத் தனி நிலம், தனி அரசு, தனி நீதிமன்றம்? மரபணுச் சோதனை செய்து, பாதிக்கு மேல் இருப்பவர்களை மட்டும் பூர்வகுடி என்று வைத்துக்கொண்டால் என்ன? (ஒரு வாசகர்)

பதில்: யோசனை உங்களுடையது அல்ல, பழசு. 1934ஆம் ஆண்டு அமெரிக்காவில் வந்த இந்தியர் மறுசீரமைப்புச் சட்டத்திலேயே ‘பாதி அல்லது அதற்கு மேல் இந்திய ரத்தம்’ என்று ஒரு வரையறை இருக்கிறது. (இங்கே இந்தியர் என்றால் பூர்வகுடி. கொலம்பஸின் பிழையைச் சட்டப் புத்தகம் இன்னும் திருத்தவில்லை.)

சரி, உங்கள் பாதிக் கணக்கை ஜான் ராஸ் மீது வைத்துப் பார்ப்போம். செரோக்கி மக்களின் தலைவராக 1828 முதல் 1866இல் சாகும்வரை இருந்தவர். அவர் உடம்பில் செரோக்கி ரத்தம் எட்டில் ஒரு பங்குதான். செரோக்கிகளின் நிலத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை போனது அவர் தலைமையில்தான். 1838இல் ராணுவம் அந்த மக்களை மேற்கே விரட்டியபோது, ‘நான் எட்டில் ஏழு பங்கு வெள்ளையன்’ என்று அவர் ஒதுங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பயணத்திலேயே மனைவியைப் பறிகொடுத்தார். உங்கள் சோதனையில் அவர் தோற்றுப்போகிறார்.

சிந்தியா ஆன் பார்க்கர் விஷயம் இன்னும் சங்கடம். டெக்சாஸில் குடியேறிய வெள்ளைக் குடும்பத்துச் சிறுமி. 1836இல் கமான்சி என்ற பூர்வகுடி மக்கள் தூக்கிப்போனார்கள். அங்கேயே வளர்ந்து, கல்யாணமாகி, பிள்ளைகள் பெற்றாள். 1860இல் வெள்ளையர்கள் அவளை ‘மீட்டார்கள்’. மீட்கப்பட்டவள் மறுபடி கமான்சிகளிடம் ஓடிப்போகவே பார்த்தாள். அவள் மகன் குவானா பார்க்கர்தான் பின்னாளில் கமான்சிகளின் பெரிய தலைவன். தாயின் ரத்தத்தில் கமான்சி பங்கு பூஜ்யம். அதனால் அவள் கமான்சி இல்லை என்று குவானாவிடம் போய்ச் சொல்லும் தைரியம் யாருக்கு இருந்திருக்கும்?

அப்படியானால் இந்தப் பின்னக் கணக்கு யாருக்குத் தேவைப்பட்டது? நிலம் வேண்டியவர்களுக்கு. 1887இல் டாஸ் சட்டம் வந்தது. பொதுவில் இருந்த பூர்வகுடி நிலத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வெட்டிக் கொடுத்துவிட்டு, ‘மிச்ச’ நிலத்தை வெள்ளையருக்குத் திறந்துவிடும் ஏற்பாடு அது. செரோக்கிகள் விரட்டப்பட்டுப் போய்ச் சேர்ந்த ஓக்லஹோமாப் பகுதியில் அதிகாரிகள் பட்டியல் போட்டு ஆளுக்கொரு பின்னம் எழுதினார்கள். 1908இல் இன்னொரு சட்டம்: அந்தப் பட்டியல்படி பாதிக்குக் குறைவான ரத்தம் உள்ளவர் தன் நிலத்தை விற்கத் தடை இல்லை. சலுகை போலத் தெரியும். வாங்கவும் ஏமாற்றவும் ஆட்கள் தயாராக இருந்தார்கள், நிலம் போயிற்று.

சரி, ரத்தம் அதிகமாக இருந்தால் தப்பித்தார்களா? அதே ஓக்லஹோமாவில் ஓசேஜ் மக்களின் நிலத்தில் எண்ணெய் பொங்கியது. 1921இல் வந்த சட்டப்படி, பாதி அல்லது அதற்கு மேல் ஓசேஜ் ரத்தம் இருப்பவர் தன் பணத்தைத் தானே கையாளும் தகுதி உள்ளவர் என்று சான்று வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அவருக்கு ஒரு ‘பாதுகாவலர்’. பாதுகாவலர்கள் பெரும்பாலும் ஊரின் வெள்ளைப் பிரமுகர்கள். ஆக, ரத்தம் குறைந்தால் நிலம் போகும், கூடினால் பணம் போகும். 1887இல் பூர்வகுடிகள் கையில் இருந்த சுமார் 13.8 கோடி ஏக்கர், 1934க்குள் 4.8 கோடியாகச் சுருங்கிவிட்டது. உங்கள் பாதி என்ற கோடு இந்த ஊர்ச் சரக்கு.

வேடிக்கை என்னவென்றால், கறுப்பர் விஷயத்தில் இதே நாடு கணக்கைத் தலைகீழாகப் போட்டது. வர்ஜீனியாவில் 1924இல் வந்த சட்டப்படி ஒரு துளி கறுப்பர் ரத்தம் இருந்தாலும் ஒருவர் வெள்ளையர் ஆக முடியாது. பூர்வகுடி ரத்தம் பதினாறில் ஒரு பங்கு வரை இருக்கலாம், அப்போதும் வெள்ளையர்தான். காரணம் அறிவியல் அல்ல. அந்த மாகாணத்தின் பெரிய குடும்பங்கள் சில, பூர்வகுடித் தலைவர் ஒருவரின் மகளான போகாஹொன்டாஸின் வாரிசுகள் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தன.

ஆங்கிலம் பேசுகிறார்கள் என்பது உங்கள் அடுத்த குறை. பென்சில்வேனியாவில் கார்லைல் உறைவிடப் பள்ளி 1879இல் தொடங்கியது. பிள்ளைகளைக் கொண்டுவந்து, முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழியைத் தடை செய்தார்கள். அதை நிறுவிய ராணுவ அதிகாரி பிராட்டின் கொள்கையே, அவனுக்குள் இருக்கும் இந்தியனைக் கொன்று மனிதனைக் காப்பாற்றுவது. நாக்கிலிருந்து மொழியைப் பிடுங்கிவிட்டு, ‘மொழி எங்கே காட்டு’ என்று பேரனிடம் கேட்கலாமா?

தனி அரசு ஏன் என்பதற்குப் பதில் சிறியது. அமெரிக்க அரசு ஒப்பந்தம் போட்டது அரசியல் சமூகங்களோடு, ரத்தத்தோடு அல்ல. பூர்வகுடி என்ற தகுதி இன அடிப்படையிலானதல்ல, அரசியல் அடிப்படையிலானது என்று உச்ச நீதிமன்றமே 1974இல் சொல்லிவிட்டது.

இதனால் யார் வேண்டுமானாலும் இறகு சூடிக்கொண்டு உள்ளே வரலாம் என்று அர்த்தமில்லை. செனட்டர் எலிசபெத் வாரன் 2018இல் மரபணுச் சோதனை முடிவை வெளியிட்டார். ஆறு முதல் பத்துத் தலைமுறைக்கு முன் ஒரு பூர்வகுடி மூதாதை இருந்திருக்கலாம் என்று அது சொன்னது. செரோக்கி அரசு மெச்சவில்லை, கண்டித்தது. எங்கள் குடியுரிமையை எச்சில் சோதனை தீர்மானிக்காது என்பதுதான் அவர்கள் நிலை. வாரன் பிறகு மன்னிப்புக் கேட்டார். நான் இன்னார் என்று நாம் சொல்வது ஒரு பக்கம். ‘ஆமாம், இவள் எங்கள் பெண்’ என்று அங்கிருந்தும் ஒரு குரல் வர வேண்டும்.

அந்தக் குரல் எப்போதும் நியாயமாக இருந்ததா என்றால், இல்லை. செரோக்கிகளில் வசதியானவர்கள் கறுப்பரை அடிமைகளாக வைத்திருந்தார்கள். விடுதலையானவர்களுக்கும் வாரிசுகளுக்கும் செரோக்கிகளுக்கு உள்ள எல்லா உரிமையும் உண்டு என்று 1866இல் அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் போட்டார்கள். 2007இல் ‘ரத்த வழி’ என்று சொல்லி அவர்களை நீக்க வாக்களித்தார்கள். டாஸ் சட்டக் காலத்தில் வெள்ளை அதிகாரி தோலைப் பார்த்து எழுதிய பட்டியலை நம்பி! இதில் செரோக்கிகள் பக்கம் நான் நிற்க மாட்டேன். 2017இல் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் வாரிசுகள் பக்கம் தீர்ப்பளித்தது. 2021இல் செரோக்கிகளின் சொந்த உச்ச நீதிமன்றமே அந்த ‘ரத்த வழி’ என்ற சொற்களைத் தங்கள் அரசியல் சாசனத்திலிருந்து எடுத்தெறிந்தது.

கடைசியாக, நியூ மெக்சிகோவில் சான்டா கிளாரா பியூப்லோ என்ற பூர்வகுடி ஊர். ஜூலியா மார்ட்டினெஸ் என்ற பெண் நவஹோ என்ற வேறொரு பூர்வகுடியைச் சேர்ந்தவரை மணந்தார். வெளியில் கல்யாணம் செய்த ஆணின் பிள்ளைகள் உறுப்பினர்கள், பெண்ணின் பிள்ளைகள் இல்லை என்பது 1939இல் அந்த ஊர் போட்ட விதி. பிள்ளைகள் அங்கேயே வளர்ந்தார்கள், அந்த ஊரின் டேவா மொழி பேசினார்கள், சடங்குகளில் கலந்துகொண்டார்கள். ஆனாலும் பட்டியலில் இடமில்லை. இந்த வழக்கில் தலையிட முடியாது என்று 1978இல் உச்ச நீதிமன்றம் கையை விரித்தது. தாய் பூர்வகுடி, தந்தையும் பூர்வகுடி. உங்கள் மரபணுச் சோதனையில் அந்தப் பிள்ளைகள் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பார்கள்.