வீட்டிலேயே கணினியில் பாட்டு மிக்ஸிங் செய்கிறேன். ஸ்டூடியோ தரம் வர எந்த பிளகின் வாங்க வேண்டும்? இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா?

உங்கள் நிலைமையை நீங்கள் விவரிக்கவில்லை. ஆனாலும் எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருகிறீர்கள். இரவு இரண்டு மணிக்குப் பாட்டு பிரமாதமாக இருக்கிறது. காலையில் அதையே காரில் போட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது, கீழ்ஒலி கொழகொழவென்று கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து ஏதோ ஒரு பிளகின், அதாவது மிக்ஸிங் மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் துணைக் கருவி, பாதி விலைக்குக் கிடைப்பதாக விளம்பரம் வருகிறது.

வாங்காதீர்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

2006இல் நான் சென்னை சாலிகிராமத்தில் ஒரு சிறிய ஸ்டூடியோவில் உதவியாளன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு பக்திப் பாடல் தொகுப்புக்கு மிருதங்கம் பதிவு செய்ய வேண்டும். மூத்த ஒலிப்பதிவாளர் வேறு வேலையாக வெளியே போயிருந்தார். முதல்முறையாக மொத்தப் பொறுப்பும் என்னிடம். வலந்தலை என்கிற வலப் பக்கம் ஒரு மைக், தொப்பி என்கிற இடப் பக்கம் ஒரு மைக், இரண்டும் அரை அடி தள்ளி வைத்தேன். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் அருமை. சேர்த்துக் கேட்டால் தொப்பியின் அந்த ஆழமான கும்காரம் காணாமல் போய்விடுகிறது. தகரத்தில் தட்டியது போல மேல்சத்தம் மட்டும்தான் மிச்சம்.

நான் என்ன செய்தேன்? ஒலியின் மேல், கீழ்ப் பகுதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்யூவைத் திறந்து, கீழ்ஒலி இருக்கும் 80 ஹெர்ட்ஸில் 6 டெசிபல் ஏற்றினேன். போதவில்லை, இன்னும் ஏற்றினேன். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர் போட்டேன். செயற்கையாகக் கீழ்ஒலி உண்டாக்கும் ஒரு பிளகினையும் மேலே போட்டேன். மூன்று மணி நேரம் போயிற்று. இதற்கு நடுவில் ஏசியை வேறு 18இல் வைத்திருந்தேன். கீழ்ஒலிக்காக வித்வான் தொப்பியில் ஒட்டியிருந்த ரவை காய்ந்துகொண்டே வந்தது, அவரும் தண்ணீர் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கடைசியில் உள்ளே வந்து ஹெட்போனை வாங்கிக் கேட்டார். "தம்பி, இது என் வாத்தியம் இல்லையே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மாலையில் மூத்தவர் வந்தார். திரையைப் பார்க்கவே இல்லை. ஒரு மைக்கை மட்டும் கேட்டார், பிறகு மற்றதை, பிறகு இரண்டையும் சேர்த்து. தொப்பி மைக்கின் சேனலில், ஒலி அலையைத் தலைகீழாகத் திருப்பும் ஃபேஸ் பொத்தானை அழுத்தினார். அவ்வளவுதான். கும்காரம் முழுசாகத் திரும்பி வந்தது.

காரணம் எளிது, எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. மிருதங்கம் ஒரே கூடு, இரண்டு பக்கமும் தோல். ஒரு பக்கத் தோலைத் தட்டி உள்ளே தள்ளும்போது உள்ளிருக்கும் காற்று மறுபக்கத் தோலை வெளியே தள்ளுகிறது. ஒரு மைக்கைவிட்டுக் காற்று விலகும் அதே நொடியில் மற்ற மைக்கை நோக்கிக் காற்று வருகிறது. ஒன்றில் மேடு, மற்றதில் பள்ளம். கூட்டினால் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் நான்கு மீட்டருக்கும் மேல் என்பதால் மைக்குகளுக்கு நடுவே இருக்கும் இரண்டு மூன்று அடி தூரம் எந்த விதத்திலும் உதவாது. அழிந்துபோன கீழ்ஒலியை ஈக்யூவில் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன் மூன்று மணி நேரமாக.

பிறகு அவர் ஏசியை அணைத்தார். வித்வானுக்குக் காபி வரவழைத்து, அரை மணி நேரம் காத்திருந்து, சுருதி சேர்த்த பின் எல்லாவற்றையும் புதிதாகப் பதிவு செய்தோம். கேட்டுவிட்டு "இப்போது சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வித்வான் பையை எடுத்துக்கொண்டார். ஒரு கலைஞரின் ஒரு பகல் பொழுதை நான் வீணாக்கியிருந்தேன். அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டபோது முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இப்போது யாராவது வந்து "இவர் பழைய ஆள், இன்று படுக்கையறையிலேயே உலகத்தரத்தில் செய்கிறார்கள்" என்று எழுதுவார்கள். நானும் கணினியில்தான் வேலை செய்கிறேன். பிளகினே கூடாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் தன் அண்ணன் ஃபினியஸின் படுக்கையறையில் பதிவு செய்த ஆல்பம் 2020இல் கிராமி வாங்கியது உண்மை. ஆனால் அவர் பாடுவது மைக்குக்கு மிக அருகில், மென்குரலில். அறையின் எதிரொலி அதில் குறைவாகவே நுழையும். அந்த ஆல்பத்தின் மிக்ஸிங்கைச் செய்ததும் ராப் கினெல்ஸ்கி என்ற தனிப் பொறியாளர். இதையும் சேர்த்துச் சொல்லாமல் படுக்கையறை என்று மட்டும் சொல்வது உங்களைப் போன்றவர்களை ஏமாற்றுவது.

மென்பொருளுக்கு ரீப்பர் போதும். 60 நாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டு 60 டாலருக்கு உரிமம் வாங்கலாம். அதோடு வரும் ஈக்யூவும் கம்ப்ரஸருமே உங்களுக்குப் பல வருடம் தாங்கும். கொழகொழப்பு பெரும்பாலும் 200 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். எல்லா வாத்தியமும் அங்கே வந்து குவிகிறது. எதையும் ஏற்றுவதற்கு முன் எதைக் குறைக்கலாம் என்று பாருங்கள். பேச்சுக்குரலைவிடத் தாழ்ந்த சத்தத்தில் வைத்து மிக்ஸ் செய்யுங்கள், அப்போதும் பாடல் வரி புரிகிறதா என்று கேளுங்கள். அவ்வப்போது இடது, வலது இரண்டையும் ஒன்றாக்கி மோனோவில் போட்டுப் பாருங்கள், என் மிருதங்கத்துக்கு வந்த வியாதி அதில் உடனே தெரிந்துவிடும். சத்தம் போதவில்லை என்று, உச்சங்களை அமுக்கும் லிமிட்டரில் போட்டு நசுக்காதீர்கள். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் வழக்கமாக ஒரே சத்த அளவுக்கு, அதாவது மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் என்ற அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்க விடுகிறது. நசுக்கிய பாட்டு அங்கே சத்தமாக இருக்காது, தட்டையாகத்தான் இருக்கும்.

தொழிலைப் பற்றி. எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சினிமாப் பாட்டை மட்டும் நம்பி வராதீர்கள். டப்பிங், ஒலிப்புத்தகம், நேரடிக் கச்சேரி, படப்பிடிப்பிலேயே வசனம் பதிவு செய்வது எல்லாமே இந்தத் தொழில்தான். முறையாகப் படிக்க வேண்டுமானால் சென்னை தரமணியில் அரசு திரைப்பட நிறுவனம் இருக்கிறது. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு வாருங்கள். 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உறுதியானது. ஒலிப்பதிவாளருக்கு அதில் எதுவும் இல்லை. கூலி வாங்கியதோடு உறவு முடிந்தது. பணமாவது போகட்டும், பெயர்? நான்கு முறை தேசிய விருது வாங்கி 2008இல் மறைந்த ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதரின் பெயரை, அவர் பதிவு செய்த பாட்டைத் தினமும் கேட்கிறவர்களிடம் சொல்லிப் பாருங்கள். யார் என்று கேட்பார்கள். எனக்கு இது இன்றும் ஆறவில்லை.

காதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் ஒரே முதலீடு அதுதான். 85 டெசிபலில் எட்டு மணி நேரம், 100 டெசிபலில் வெறும் கால் மணி நேரம். அதற்கு மேல் போனால் செவிக்கு ஆபத்து என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நயோஷ் வகுத்த கணக்கு. நம் கல்யாண மண்டபங்களில் என்ன நடக்கிறது? போன மாதம் ஒரு உறவினர் வீட்டுக் கல்யாணம். நாதஸ்வரம் ஊர்வலத்தில், தெருவில், மைக்கே இல்லாமல் கேட்கிற வாத்தியம். அதன் அணைசு என்கிற அகன்ற அடிவாயில் மைக்கைச் செருகி, ஆளுயரப் பெட்டிகளில் அலறவிட்டிருந்தார்கள். பெட்டிக்கு நேர் எதிரே மடியில் ஒரு கைக்குழந்தை. எழுந்துபோய்ச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். "எல்லாருக்கும் கேட்க வேண்டாமா சார்" என்றார் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்த பையன். அந்தத் தாயிடம் சொல்லிக் குழந்தையைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு மாற்ற வைத்தேன். உங்களுக்குக் கேள்வியில் இல்லாத விஷயம்தான், தெரியும். மிக்ஸிங் படிக்கிற ஒருவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

பிளகினுக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல மைக் ஸ்டாண்டும் சத்தம் வெளியே கசியாத ஒரு மூடிய ஹெட்போனும் வாங்குங்கள். குரல் பதியும்போது துணிகள் நிறைந்த பீரோவின் கதவைத் திறந்து வைத்து, அதற்கு முதுகு காட்டி நின்று பாடச் சொல்லுங்கள். பக்கச் சுவரில் ஒரு பஞ்சு மெத்தையைச் சாய்த்து வையுங்கள். மின்விசிறியை அணையுங்கள். ஒரே வரியை மைக்கை நான்கு இடத்தில் வைத்து நான்கு முறை பதிவு செய்து, எதையும் தொடாமல் காலையில் காரில் போட்டுக் கேளுங்கள். எந்த இடம் நன்றாக இருந்தது என்று இங்கேயே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.