தங்கமீன் வளர்ப்போர் கேட்டவை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பான்சி தங்கமீனை, அதாவது அழகுக்காகத் தெரிந்தெடுத்து வளர்த்த அலங்கார வகைகளைப் பற்றியவை. விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். கொக்குவிலில் என் வீட்டு விறாந்தைத் தொட்டியில் அந்த வகைகளில் ஒரண்டாக்களும் ஒரு ரஞ்சுவும் இருக்கின்றன. ஆகவே இந்தக் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை.

*அக்கா, மகளின் பிறந்தநாளுக்கு இரண்டு ஒரண்டா வாங்கி உருண்டைக் கண்ணாடிச் சாடியில் விட்டோம். மூன்று நாளைக்கு ஒருக்கால் சாடியை நன்றாகத் தேய்த்துக் கழுவி, முழுத் தண்ணீரையும் மாற்றினோம். இரண்டாம் கிழமை ஒன்று செத்துவிட்டது. மற்றது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒத்துவரவில்லையா?*
— ஒரு தாய், மானிப்பாய்

கிணற்றில் பிழையில்லை, தங்கச்சி. எங்கள் ஊர்த் தண்ணீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். தங்கமீன் அந்தக் கடினத் தண்ணீரை நன்றாகத் தாங்கும். பிழை சாடியில்.

தங்கமீன் ஓயாமல் தின்னும், ஓயாமல் கழிக்கும். அதன் செவுள் வழியாகவே அமோனியா வெளியேறுகிறது. பெரிய தொட்டியில் பில்ரர் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழும் பற்றீரியாக்கள் அந்த அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு அவ்வளவு கேடில்லாத நைத்திரேற்றாகவும் மாற்றிவிடும். இந்தப் பற்றீரியாக் கூட்டம் ஒரு புதுத் தொட்டியில் நிலைகொள்ள நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். நீங்கள் மூன்று நாளைக்கு ஒருக்கால் தேய்த்துக் கழுவியபோது, வளரத் தொடங்கியதையும் சேர்த்துக் கழுவிவிட்டீர்கள்.

யாழ்ப்பாணத்தில் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் தண்ணீரின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) பெரும்பாலும் 7க்கு மேலேதான் நிற்கும். பிஎச் 7இலிருந்து 8 ஆனால், அதே அமோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு கூடிவிடும். வெயில் ஏறினால் இன்னும் கூடும். ஒட்சிசனோ குறையும். 20 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கும், 30 பாகையில் ஏழரைதான். தங்கமீனோ 20 பாகைப் பக்கத்துக் குளிர்ச்சியை விரும்பும் சாதி. சித்திரை, வைகாசியில் சின்னச் சாடிக்குள் அது எப்படி மூச்சுவிடும்?

இன்று இரவே அந்த மீனை ஒரு பெரிய பிளாஸ்ரிக் பேசினுக்கு மாற்றி, எயார் பம்ப் போடுங்கள். இரண்டு நாளைக்குத் தீன் வேண்டாம். தினமும் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். அப்புறம் 150 லீற்றராவது கொள்ளும் தொட்டி ஒன்று பாருங்கள். உயரமானது வேண்டாம், அகலமானது வேண்டும். காற்றுப் படும் மேற்பரப்புத்தான் முக்கியம். சீமெந்துத் தொட்டி கட்டினால் நிழலில் கட்டுங்கள், குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் புதுச் சீமெந்தில் சுண்ணாம்பு கசியும். பல தடவை தண்ணீர் நிரப்பி, ஊறவிட்டு ஊற்றிய பிறகுதான் மீனை விட வேண்டும். பஞ்சு பில்ரர் ஒன்று போதும். அதைக் கழுவுவதென்றால் தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். கிழமைக்கு ஒருக்கால் கால்வாசித் தண்ணீர் மாற்றினால் சரி. நிலத்தடித் தண்ணீரில் ஒட்சிசன் குறைவாக இருக்கும், எனவே இறைத்த கையோடு ஊற்றாமல் வாளியில் ஒரு இரவு வைத்திருங்கள். சுகாதாரப் பரிசோதகர் கிணற்றுக்குக் குளோரீன் போட்டிருந்தால், அந்தத் தண்ணீருக்குக் கடையில் விற்கும் குளோரீன் முறிக்கும் மருந்தைக் கட்டாயம் விட வேண்டும்.

மகளிடம் ‘இந்த மீன் அப்படித்தான், கெதியாகச் செத்துப்போகும்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒழுங்காக வைத்தால் பத்து வருடம் தாண்டும். இங்கிலாந்தில் ரிஷ் என்றொரு சாதாரண தங்கமீன், 1956இல் ஒரு களியாட்ட விழாவில் பரிசாகக் கிடைத்தது, 43 வருடம் வாழ்ந்து 1999இல் இறந்தது. பான்சி வகைகள் அவ்வளவு காலம் போவதில்லை. ஆனாலும் உங்கள் மகள் பல்கலைக்கழகம் போகும்போதும் அந்த ஒரண்டா உயிரோடு இருக்கலாம்.

*ரீச்சர், என் ரியுகின் வகைத் தங்கமீனின் செவுள் மூடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி வந்திருக்கிறது. வெண்புள்ளி நோய் என்று கூட்டாளி சொல்கிறான். உப்புப் போடலாமா?*
— உயர்தர மாணவன், சாவகச்சேரி

பொறும் தம்பி, முதலில் மீனைப் பக்கத்தில் வைத்து நன்றாகப் பாரும். புள்ளி செவுள் மூடியிலும், மார்புச் செட்டையின் முன் ஓரத்திலும் மட்டும்தானா? ரவையைத் தூவி ஒட்டியது மாதிரிக் கொஞ்சம் மேடாக, செட்டையில் வரிசையாக நிற்கிறதா? மீன் உற்சாகமாக மற்றதைத் துரத்துகிறதா? அப்படியென்றால் அது நோயே இல்லை. உம்முடைய மீன் ஆண், இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிட்டது, அவ்வளவுதான்.

வெண்புள்ளி நோய் என்றால் வாலிலும் உடம்பிலும் கண்டபடி சிதறி வரும். மீன் செட்டையை ஒடுக்கிக்கொண்டு, கல்லிலும் சுவரிலும் உடம்பை உரசும். அப்போது லீற்றருக்கு 2 முதல் 3 கிராம் வரை ஆனையிறவுக் கல்லுப்பைக் கரைத்து, ஒரே தடவையில் ஊற்றாமல் ஒரு நாளில் பிரித்துப் பிரித்து விடும்.

உம்முடைய தொட்டியில் பெண் மீனும் இருந்தால் பாசிக் கொடி கொஞ்சம் போட்டுவையும். விடியற்காலையில் ஆண் பெண்ணின் வயிற்றை முட்டி முட்டித் துரத்தும், முட்டை கொடியில் ஒட்டிக்கொள்ளும். உடனே கொடியோடு வேறு பாத்திரத்துக்கு மாற்றாவிட்டால் தாயும் தகப்பனுமே தின்று தீர்த்துவிடும். எங்கள் வெப்பத்தில் மூன்று நாளளவில் குஞ்சு பொரிக்கும். முதலில் கண்ணுள்ள நூல்துண்டு மாதிரிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். குஞ்சுகள் மங்கின பச்சைக் கபிலமாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், நிறம் பிறகு மாறும். அந்த மாற்றத்தை நாளுக்கு நாள் பார்த்துக்கொண்டிருப்பதைப் போல ஒரு சந்தோசம் மீன் வளர்ப்பில் வேறில்லை. பரீட்சை நேரம் என்றால் மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடும்.

*கறுப்பு மூர் என்று வாங்கியது இப்போது வயிற்றுப் பக்கம் பொன்னிறமாகிறது. சாயம் பூசி ஏமாற்றிவிட்டார்களா?*
— வாசகி, நெல்லியடி

இல்லை. கறுப்பு நிறம் தங்கமீனில் நிலையில்லாதது. வயது போகப் போக, அதுவும் சூடான தண்ணீரில், வெண்கலமாகவோ பொன்னிறமாகவோ மாறுவது வழக்கம். மீன் சுகமாக இருக்கிறது.

*தீன் போட்டதும் எங்கள் பேர்ள்ஸ்கேல் தங்கமீன் தலைகீழாக மிதக்கிறது. சிறிது நேரத்தில் சரியாகிறது. பேரன் அழுகிறான்.*
— ஓய்வுபெற்ற தபாலதிபர், பருத்தித்துறை

ஐயா, தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகும். பேர்ள்ஸ்கேலின் உடம்போ பந்து மாதிரி குறுக்கப்பட்டது. குடல் வீங்கினால் பக்கத்தில் உள்ள காற்றுப்பை நெருக்குப்பட்டு மீன் புரண்டுவிடும். மிதக்கும் காய்ந்த தீனை மேலே வந்து விழுங்கும்போது காற்றும் சேர்ந்து உள்ளே போகிறது. இரண்டு நாள் பட்டினி போடுங்கள். பிறகு அடியில் அமிழும் தீனை வாங்கி, சில நிமிடம் ஊறவைத்துப் போடுங்கள். அவித்துத் தோல் உரித்த பட்டாணியோ, அவித்த பசளிக் கீரையோ இடைக்கிடை நல்லது. நுளம்புக் குடம்பி கண்டால் துள்ளித் தின்னும். அதற்காக வளவில் வாளி வைத்து நுளம்பு வளர்க்க வேண்டாம், டெங்கு வரும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. தீன் போடும் வேலையைப் பேரனுக்கே கொடுங்கள், அளவை மட்டும் நீங்கள் சிறு கரண்டியில் எடுத்துக் கொடுங்கள்.

*ரஞ்சுவோடு கொமெட் விடலாமா?*
— வாசகர், சுன்னாகம்

வேண்டாம். கொமெட் ஒடுங்கிய நீள உடல் கொண்ட தங்கமீன், வேகமாக நீந்தும். முதுகுச் செட்டையே இல்லாத ரஞ்சு வந்து சேர்வதற்குள் தீன் முடிந்திருக்கும். வாலைக் கொத்தும் டைகர் பாப்பையும் சேர்க்காதீர்கள்.

*கனடாவில் மகனிடம் போகிறோம். வீட்டைப் பூட்டப் போகிறோம். ஐந்து ஒரண்டாவையும் கிணற்றில் விட்டுவிட்டால் நுளம்பையும் தின்னும், உயிரும் பிழைக்கும்தானே? இல்லாவிட்டால் ஆரியகுளத்தில் விடவா?*
— தம்பதியர், உடுவில்

இரண்டும் வேண்டாம். கிணற்றில் குடம்பி தின்னக் கப்பி மாதிரிச் சின்ன மீனை விடுவது வழக்கம்தான். ஒரண்டாவின் நிலைமை வேறு. தலையில் வளரும் தொப்பிச் சதை கண்ணை மறைக்கத் தொடங்கும், அது தேடித் தின்னப் பழகாதது. பார்க்க ஆளில்லாத கிணற்றில் பட்டினியாலோ புண்ணாலோ மெல்ல மெல்லச் சாகும். குளத்தில் விட்டால் கொக்கும் நீர்க்காகமும் முதல் நாளே கண்டுபிடிக்கும். அதோடு வீட்டு மீனின் நோய் குளத்து மீனுக்கும் தொற்றும்.

உங்கள் பயணத்துக்கு இன்னும் நாளிருந்தால், தொட்டி வைத்திருக்கும் ஒருவரை இப்போதே தேடுங்கள். வாங்கிய கடைக்காரரையும் கேட்டுப் பாருங்கள், வளர்ந்த ஒரண்டாவை எடுக்க விருப்பமுள்ளவர்கள் இருப்பார்கள். கொண்டுபோவதற்கு முதல் நாள் தீன் போடாதீர்கள். பையை அங்குள்ள தொட்டியில் அரை மணித்தியாலம் மிதக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துவிட்டுத்தான் மீனை விட வேண்டும். பழைய பஞ்சு பில்ரரையும் கழுவாமல், ஈரம் காயாமல் மீனோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.