லாசாவில் நெவார் கடைகள்

கேள்வி: காட்மாண்டுப் பள்ளத்தாக்கின் நெவார்கள் தலைமுறை தலைமுறையாகத் திபெத்தின் தலைநகர் லாசாவில் கடை வைத்திருந்தார்களாமே. அத்தனை மலை தாண்டிப் போய் எதில் சம்பாதித்தார்கள்?

பதில்: சரக்குக்கு முன்னால் காசைச் சொல்ல வேண்டும். திபெத்திடம் வெள்ளி இருந்தது, சொந்தக் காசு இல்லை. 16-ஆம் நூற்றாண்டிலிருந்து காட்மாண்டுப் பள்ளத்தாக்கை ஆண்ட மல்ல அரசர்கள் அந்த வெள்ளியை வாங்கிக் காசடித்து எடைக்கு எடை திருப்பிக் கொடுத்தார்கள். காசில் செம்பு கலந்திருக்கும். மிஞ்சிய வெள்ளி லாபம். சில்லறை வேண்டுமென்றால் திபெத்தில் காசையே துண்டாக வெட்டிக்கொள்வார்கள். போகப் போகக் கலப்படம் மிதமிஞ்சிப் போனது. மல்லர்களை வென்ற கூர்க்காக்கள் சுத்த வெள்ளிக் காசு அடித்து, பழைய காசின் மதிப்பைக் குறைக்கச் சொன்னார்கள். பழைய காசு குவிந்து கிடந்த திபெத் மறுத்தது. 1788-இல் மூண்ட போருக்கு இது முக்கியக் காரணம்.

சரக்கு வகையில், மேலே போனது துணியும் உலோகப் பாத்திரங்களும். கீழே வந்தது கம்பளி, கஸ்தூரி, சாமரத்துக்கான கவரி வால். பழைய பாதைகள் குத்தி, கேருங் என்ற எல்லை ஊர்கள் வழியாக. 1904-க்குப் பிறகு கலிம்போங்கிலிருந்து ஜெலெப் லா கணவாய் ஏறும் பாதை ஓங்கியது. கோவேறு கழுதைகளோடு லாசா சேரச் சுமார் மூன்று வாரம்.

கேள்வி: திபெத்தியச் செப்புச் சிலைகளில் உடம்பு பளபளக்கிறது, முகத்தில் மட்டும் பொன் மங்கலாக இருக்கிறது. போலியா?

பதில்: இல்லை. இரண்டும் வெவ்வேறு வேலை. உடம்பில் இருப்பது ரசமுலாம், அதாவது பாதரசத்தில் கரைத்துப் பூசிய பொன். நெவார் கைவினைஞர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். 1260-இல் 80 பேரோடு திபெத் போன அரனிகோ இவர்களில் ஒருவர்தான். பெய்ஜிங்கின் வெள்ளை ஸ்தூபி (1271–1279) அவர் கட்டியது.

ஒரு பங்கு பொன்னைச் சுமார் எட்டுப் பங்கு பாதரசத்தில் கரைத்து, துணியில் பிழிந்து மிகையான ரசத்தை எடுத்தால் வெண்ணெய் போன்ற விழுது கிடைக்கும். சிலையை அமிலத்தால் துலக்கி, விழுதைச் சீராகப் பூசித் தணலில் சூடாக்குவார்கள். 357 டிகிரி செல்சியஸில் ரசம் கொதித்துப் போய்விடும்; பொன் மங்கிய மஞ்சளாகச் செம்பில் ஒட்டி நிற்கும். அகேட் கல்லால் தேய்த்தால்தான் மினுக்கு வரும்.

கெடுவது மூன்று இடத்தில். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் விழுது பிடிக்காது. சூடு மிஞ்சினால் பொன் செம்புக்குள் இறங்கி நிறம் சிவந்துவிடும். உலோகத்தில் ஈயம் இருந்தால் திட்டுத் திட்டாகக் கறுக்கும். அதனால்தான் இவர்கள் கூடியவரை சுத்தச் செம்பையே வார்த்தார்கள். ரசப்புகை நரம்பையும் சிறுநீரகத்தையும் அரிக்கும் நஞ்சு. மூடிய அறையில் இதைச் செய்யவே கூடாது.

முகத்தில் இருப்பது பொற்பொடியைப் பசையில் குழைத்துத் தூரிகையால் பூசியது. அது திபெத்திய வழிபாட்டு வழக்கம், மெருகிடுவதில்லை. கண்ணும் உதடும் அதன் மேல் வண்ணத்தில் வரையப்படும். அதைச் சுரண்டி "சுத்தம்" செய்துவிடாதீர்கள்.

கேள்வி: அந்தக் கடைகள் என்ன ஆயின?

பதில்: நேபாளமும் திபெத்தும் செய்த 1856 உடன்படிக்கை நேபாள வணிகர்களுக்குச் சுங்க விலக்கும், லாசாவில் தங்கள் அதிகாரியிடமே வழக்குத் தீர்க்கும் உரிமையும் தந்திருந்தது. 1956-இல் நேபாளமும் சீனாவும் செய்த ஒப்பந்தம் அதை முடித்தது. 1962 இந்திய-சீனப் போரில் சிக்கிம் வழிக் கணவாய்கள் மூடப்பட்டன. பெரும்பாலான வணிகர்கள் ஊர் திரும்பினார்கள். பலருக்கு லாசாவிலும் மனைவி மக்கள் இருந்தார்கள். மகன்கள் நேபாளக் குடிகள், மகள்கள் திபெத்தியக் குடிகள் என்பது அங்கே வழக்கமாக இருந்தது.