டெல்லி டிரெய்னிங் என்று சொல்லாதே, தம்பி

தம்பி, நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பெங்களூருக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, அதற்குள் தெற்கு சூடான் போகிற ஐ.நா. படையில் பெயர் வந்துவிட்டது, என்ன எடுத்துப் போவது, அலவன்ஸ் எவ்வளவு, சாப்பாடு எப்படி என்று வரிசையாகக் கேட்டிருக்கிறாய். கடைசியில், "அம்மா பயப்படுவாங்க, டெல்லியில டிரெய்னிங்னு மட்டும் சொல்லிட்டுப் போகலாமா?" என்று ஒரு வரி.

அலவன்ஸ் கணக்கை யூனிட் கிளார்க் சொல்வார். மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் புறப்படுவதற்குப் 10 நாளுக்கு முன்பே போட்டு, அந்த அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள். மலேரியா மாத்திரையைத் தவறவிடாதே. மற்றதெல்லாம் அங்கே போனால் தானாகப் பழகிவிடும். அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் செய்ததும் அதுதான்.

நானும் எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) ஆள்தான். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டு ஊர். 2009 சித்திரையில் எங்கள் கம்பெனி, அதாவது எங்கள் படைப்பிரிவு, ஐ.நா. பணிக்காகச் சூடானுக்குக் கிளம்பியது. முதலில் டெல்லியில் பயிற்சி என்பது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் பாதியை மட்டும் சொன்னேன். பெங்களூர் சிட்டி ஸ்டேஷனில் கர்நாடகா எக்ஸ்பிரஸ் நின்றுகொண்டிருந்தது. அம்மா மஞ்சப்பையிலிருந்து கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து, என் கிட்பேக்கின் கயிற்றை அவிழ்த்து, மடித்த யூனிஃபாரத்துக்கு நடுவே செருகினாள்.

"ஆடிக் கொடைக்கு வந்துருவேல்ல?"

"வந்துருவேன்மா."

பக்கத்தில் என் மனைவி தண்ணீர் பாட்டில் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

ரயில் நகர்ந்ததும் எனக்கு அழுகை வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. நீலத் தொப்பி, விமானம், வேறு நாடு, கையில் நாலு காசு. இந்துப்பூர் தாண்டிய பிறகுதான் வயிற்றைப் பிசைந்தது. உனக்கும் அந்தச் சந்தோஷம் வரும். அதில் தப்பே இல்லை, வெட்கப்படாதே.

நாங்கள் இருந்தது மலக்கால் பக்கம், வெள்ளை நைல் கரை. அப்போது சூடான் ஒரே நாடு, 2011 ஜூலையில்தான் தெற்கு பிரிந்தது. மழை விழுந்தால் ரோடே இருக்காது. கருப்பு மண் டயரில் அப்பிக்கொண்டு டோசரே உட்கார்ந்துவிடும். கூட இருந்த வடக்கத்திப் பையன்கள் அந்த மண்ணைத் திட்டாத நாளில்லை. எனக்கு அது எங்கள் ஊர்க் கரிசல். எந்த இடத்தில் புதையும், எத்தனை நாள் வெயிலில் இறுகும் என்று பார்த்தாலே தெரியும். ரோட்டோரம் பிள்ளைகள் "மோயா, மோயா" என்று தண்ணீர் கேட்டு ஓடிவரும். அந்த ஊர் அரபியில் நாற்பது, ஐம்பது வார்த்தை கற்றுக்கொண்டேன். இங்கே பெங்களூர் அல்சூரில் குடியேறியபோது கன்னடம் கற்றதும் அப்படித்தான். முப்பது வருஷம் இங்கே இருந்தும் "கன்னடா கொத்தில்லா" (கன்னடம் தெரியாது) என்பதோடு நிறுத்திக்கொண்ட நம்மவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும்.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆகஸ்ட் 9ஆம் தேதி, 18 வருஷம் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலையை அல்சூர் ஏரிக்கரையில் திறந்தார்கள். மனைவி போனில் கூட்டத்தைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அங்கே இல்லாமல் போனேனே என்று மனசு அடித்துக்கொண்டது. அதே வாரம் ஊரில் ஆடிக் கொடைத் திருவிழா. ஐ.நா. படையில் காங்கோ போய்வந்த ஒருவர், அம்மன் கோயில் முன்னால் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "உம் மகன் ஆப்பிரிக்காவுல இருக்கான், உனக்கே தெரியாதா?" என்று பத்துப் பேர் நடுவே கேட்டுவிட்டார். போய்வந்த பெருமையை இப்படிக் காட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.  அவர்கள் பேச்சைக் கேட்காதே. அம்மா பானையை இறக்காமலே வீட்டுக்கு நடந்துவிட்டாளாம். அப்புறம் ஒன்றரை மாதம் போனை வாங்கிக் காதில் வைப்பாள், மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும்.

திரும்பி வந்ததும் சமாதானம் ஆனாள். ஆனால் 2013 ஏப்ரலில், தெற்கு சூடானின் ஜொங்லெயில் கான்வாய்க்குக் காவல் போன நம் வீரர்கள் 5 பேரைப் பதுங்கியிருந்து சுட்டுக் கொன்ற செய்தி டி.வி.யில் வந்தது. நான் பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். ஊரிலிருந்து போன். "நெசத்தச் சொல்லு, நீ அல்சூர்லதான இருக்க?" என்னை நம்பவில்லை. பேத்தியைப் பேச வைத்த பிறகுதான் போனை வைத்தாள்.

அதனால் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டுப் போ. விமானம், தேதி எதுவும் வேண்டாம். நாட்டின் பெயரும் ஒரு வருஷம் என்பதும் போதும். அழுவாள், அழட்டும், நீ பக்கத்தில் இருக்கும்போதே அழட்டும். அங்கே போனபின் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடாதே. நாங்கள் இருந்தபோது இரண்டரை மணி நேர வித்தியாசம், 2021இலிருந்து மூன்றரை. இங்கே பதினொன்றரைக்குப் போன் அடித்தால் அவளுக்கு உயிரே போய்விடும்.

வழியனுப்ப அம்மாவைக் கூட்டி வா. லாட்ஜ் எல்லாம் வேண்டாம், எங்கள் வீட்டில் மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. ரயில் போனபிறகு இரண்டு நாள் என் மனைவியோடு இருக்கட்டும்.