புறாத்தீவுக்குப் படகு போகவில்லை: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: டிசம்பரில் சுவிஸிலிருந்து வந்த அக்கா குடும்பத்துடன், மட்டக்களப்பு ஏற்பாட்டாளர் ஒருவரிடம் 120,000 ரூபாய் கட்டி இரண்டு நாள் சுற்றுலா போனோம். கடல் கொந்தளிப்பு என்று, திருகோணமலை நிலாவெளிக் கரைக்கு அப்பாலுள்ள புறாத்தீவுக்குப் படகு விடவில்லை. கோணேசர் கோயிலையும் கன்னியாவையும் காட்டித் திருப்பிக் கூட்டிவந்தார்கள். வானில் ஏசி இல்லை. வழிகாட்டி அம்மாவிடம் எரிந்து விழுந்தார். பணத்தைத் திருப்பித் தராததால், ஏற்பாட்டாளரின் படத்தைப் போட்டு "கள்ளன்" என்று முகநூலில் எழுதினேன். இப்போது அவருடைய சட்டத்தரணி 20 இலட்சம் நட்டஈடு கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறார்.
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: சகோதரி, நீங்கள் இணைத்தவற்றில் வழக்குக்கு உதவுவது ஒன்றுதான்: "24 காலை புறாத்தீவு, படகும் நுழைவுச்சீட்டும் உட்பட" என்று அவர் அனுப்பிய வட்ஸ்அப் செய்தி. ஏசியையும் வழிகாட்டியின் வாயையும் விட்டுவிடுங்கள். அம்மா அழுதது எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஒப்பந்தத்தை மீறியதால் வந்த மன உளைச்சலுக்கு ஒல்லாந்தர் வழி வந்த நமது ரோமன் டச்சுச் சட்டத்தில் நட்டஈடு எதிர்பார்க்க வேண்டாம்.

"கடல் கொந்தளித்தால் நான் என்ன செய்ய" என்ற அவருடைய வாதம் நிற்காது. எதிர்பார்க்க முடியாத இடையூறு வந்தால்தான் ஒப்பந்தப் பொறுப்பிலிருந்து விலக்கு. மார்கழியில் வாடைக்காற்றில் நிலாவெளிக் கடல் எப்படியிருக்கும் என்பது கரையோரப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தே விற்றவர் நட்டத்தையும் ஏற்க வேண்டும். ஆனாலும் முழுப் பணம் வராது. வானிலும் தங்குமிடத்திலும் நீங்கள் பயன் பெற்றுவிட்டீர்கள். படகுக் கூலியும் நுழைவுச்சீட்டுப் பணமும் உங்களுக்கு உரியவை. அக்கா வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வந்திருந்தால் அவருக்கான சீட்டு உள்ளூர்க் கட்டணத்தைவிடப் பல மடங்கு. அதைத் தனியாகக் கணக்கிட்டுக் கேளுங்கள்.

எனக்குப் பயம் உங்கள் முகநூல் பதிவைப் பற்றித்தான். குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டதால் எதையும் எழுதலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அவதூறுக்காக மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு இன்றும் போடலாம். "உண்மையைத்தானே எழுதினேன்" என்பதும் போதாது. அது பொதுநன்மைக்காக எழுதப்பட்டது என்றும் காட்ட வேண்டும். இங்கே உண்மை என்ற முதற்படியே சறுக்குகிறது. வாக்குத் தவறியவர் எல்லோரும் கள்ளர் அல்லர். வானும் வழிகாட்டியும் தந்தவரை மோசடிக்காரர் என்று நிறுவுவது கடினம். பொலிஸுக்கு ஓடவும் வேண்டாம். பாசிக்குடா விடுதி ஒன்றின் முற்பணத்துக்காக என்னிடம் வந்த ஒருவர் அந்தப் பணத்தை மீட்டார். விடுதியைப் பற்றி முகநூலில் எழுதிய பதிவை மட்டும் ரோஷத்தில் அழிக்கவில்லை. பிறகு அந்தப் பதிவுக்காக நீதிமன்றத்துக்கு அலைந்து, மீட்டதைவிடப் பல மடங்கு செலவழித்தார்.

பதிவை இன்றே அழியுங்கள். பகிர்ந்த உறவினர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். நீங்களாக மன்னிப்புக் கடிதம் எழுதாதீர்கள். அது உங்களுக்கு எதிரான ஒப்புதலாகிவிடும். கடிதத்துக்குப் பதில் போடாமலும் இருக்காதீர்கள், மௌனத்தையே ஒப்புதலாக எடுத்துக்கொண்ட தீர்ப்புகள் உண்டு. உங்கள் சட்டத்தரணி மூலம் குறித்த தவணைக்குள் மறுத்து எழுதுங்கள்.

அதன்பின் சமாதானமாகப் போங்கள். படகுப் பணத்தை அவர் தரட்டும், நீங்கள் இனி எழுதுவதில்லை என்று ஒப்புக்கொள்ளுங்கள். வழக்கில்லாமல் பேசித் தீர்க்க உதவும் மத்தியஸ்த சபைதான் இதற்கு நல்ல இடம். அங்கே பேசுவதைப் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியமாக்க முடியாது. சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது என்பதால் கையெழுத்திடும் தாளை நீங்களே நிதானமாக வாசியுங்கள். "பணம் பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் இருந்தால் கையெழுத்திடாதீர்கள். 20 இலட்சக் கோரிக்கையை அவர் முற்றாகக் கைவிடுவதாகவும் அதே தாளில் இருக்க வேண்டும்.

அவர் இணங்காவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் அது போய்ச்சேர வேண்டும். சமாதானப் பேச்சு நடக்கிறது என்று காத்திருந்து மார்ச் 24ஐத் தாண்டவிடாதீர்கள்.