ஒரு கையெழுத்தின் கடன்

வாசகர் கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் லோரி வியாபாரம் செய்கிறேன். வயது 48. அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். மனைவியின் தாலிச் சங்கிலியை அடகு வைத்து ஒரு பழைய லோரி வாங்கினேன். தோட்டத்துக் கிராணி (குமாஸ்தா) ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டதால் மீதிப் பணத்துக்குக் கடன் கிடைத்தது. இன்று ஆறு லோரிகள் செம்பனைக் குலை ஏற்றுகின்றன. இப்போது கோயில் திருப்பணி, சாவுச் செலவு, பிள்ளையின் காலேஜ் பணம் என்று வாரம் ஒருவராவது வாசலில் வந்து நிற்கிறார். "நாம உழைச்சு சம்பாதிச்சது, யாருக்கும் கடன் இல்ல" என்கிறார் மனைவி. பணம் இருக்கிறது என்பதற்காகவே நான் உதவக் கடமைப்பட்டவனா? கொடுக்காவிட்டால் தப்பா?

பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, கடமை உண்டு. வசதி இருந்தும் ஒருவருக்கும் கொடுக்காமலே இருந்தால் அது தப்புதான். ஆனால் வாசலில் நிற்கிற எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்பதல்ல அந்தக் கடமை.

நீங்கள் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் அம்மாவும்தான் உழைத்தார். நானும் தோட்டத்தில் பிறந்தவள். விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில் மரத்துக்கு மரம் ஓடியவர்களைப் பார்த்து வளர்ந்தவள். என் அம்மாவின் கையில் ஒட்டுப்பால் நாற்றம் தீபாவளி அன்றுகூடப் போகாது. உழைப்பு மட்டும் போதுமென்றால் உங்கள் அம்மா பத்து லோரிக்குச் சொந்தக்காரராக இருந்திருப்பார். அவருக்குக் கிடைக்காத ஏதோ ஒன்று உங்களுக்குக் கிடைத்தது. அது என்னவென்று நீங்களே போகிற போக்கில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கிராணியின் கையெழுத்து.

அதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நீங்கள் தவணை கட்டத் தவறியிருந்தால் கடன் கொடுத்தவர்கள் அவர் வீட்டுக்குத்தான் போயிருப்பார்கள். கிராணி சம்பளம் ஒன்றும் பெரிய சம்பளம் இல்லை. இருந்த வீடும் தோட்டத்து வீடு, வேலை போனால் வீடும் போகும். மனைவியிடம் என்ன சொல்லிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டாரோ! இன்று உங்கள் மனைவி சொல்வதை அன்று அந்த அம்மாவும் சொல்லியிருக்கலாம்.

பீட்டர் சிங்கர் என்ற ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் 1972-இல் இதைப் பற்றி எழுதினார். ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்குவதைப் பார்க்கிறோம். உடுப்பு சேறாகிவிடும் என்று யோசித்துக்கொண்டு நிற்போமா? கண்முன் இருக்கும் குழந்தைக்குச் செய்வதைக் கண்ணுக்குத் தெரியாத குழந்தைக்கும் செய்யத்தான் வேண்டும் என்பது அவர் வாதம். நான் அதை ஒப்புக்கொள்கிறேன். உங்களுக்கு அந்த வாதம்கூட வேண்டியதில்லை. உங்களைத்தான் ஒருவர் ஏற்கெனவே கரையேற்றிவிட்டிருக்கிறாரே.

அமைச்சராக இருந்த உங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தனை நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று, நம் ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்ந்தார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். என் அப்பா கட்டிய ரசீதுகள் பிஸ்கட் டின்னில் ரப்பர் வளையம் போட்டு இருக்கும். அந்தப் பத்து வெள்ளிக்காக வீட்டில் கருவாடுகூட வாங்காத மாதங்கள் உண்டு. முன்பின் பார்த்திராத தோட்டத்து ஆட்களின் வேலையும் கூரையும் தன் பொறுப்பு என்று என் அப்பா நினைத்தார். அவரிடம் லோரி இல்லை, ஒரு சைக்கிள் இருந்தது.

சரி, எங்கே தொடங்குவது? உங்கள் கொட்டகையில் தொடங்குங்கள். டிரைவருக்கும் குலை ஏற்றுபவருக்கும் சம்பளம் சரியாகப் போகிறதா? 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). 5,000 வெள்ளி வரை வாங்கும் ஊழியருக்குச் சேமநிதியில் முதலாளி பங்கு 13 விழுக்காடு. அப்புறம் சொக்சோ, அதாவது வேலையில் விபத்து நேர்ந்தால் கைகொடுக்கும் காப்புறுதி. இதிலெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டு கோயிலுக்கு 5,000 வெள்ளி எழுதினால், அது அந்த டிரைவரின் பணம். ரசீதில் மட்டும் உங்கள் பெயர் இருக்கும். நீங்கள் அப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லவில்லை, கணக்கை ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்கிறேன்.

அப்புறம், கொடுக்கிற விதம். ஒரு மண்டபத்தில் அரிசி கொடுத்தார்கள். எண்பது வயதிருக்கும் ஒரு பாட்டி, ஐந்து கிலோ பையை மார்போடு அணைத்தபடி, படம் எடுக்கிறவர் "இன்னும் ஒன்னு, பாட்டி" என்று சொல்லச் சொல்ல மேடையில் நின்றார். பையின் கனத்தில் கை நடுங்கியது. முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த அரிசியை வீட்டில் கொண்டுபோய் வைத்திருந்தால் என்ன? இன்றுவரை எனக்கு ஆறவில்லை. தம்பி, அதை மட்டும் செய்யாதீர்கள்.

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணத்துக்கு எங்கேயாவது கடன் கிடைத்துவிடும். பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லாமல்தான் பல பிள்ளைகள் பாதியில் திரும்பி வருகிறார்கள். படிப்பு முடியும்வரை மாதாமாதம் அனுப்புங்கள். நீங்கள் அனுப்புவது ஊருக்குத் தெரிய வேண்டாம். வாசலில் வருகிற மற்றவர்களிடம், "இந்த வருஷம் ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கிறேன், இப்போது முடியாது" என்று சொல்லலாம். அப்படிச் சொல்வதில் குற்றமில்லை. சாவு வீட்டுக்கு மட்டும் இல்லை என்று சொல்லாதீர்கள்.

எவ்வளவு என்பதை உங்கள் மனைவியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவர் அவர். அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது, கையில் ஒன்றுமில்லாத நாட்களை அவரும் பார்த்தவர்தானே.

அந்தக் கிராணி இப்போது எங்கே இருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. விசாரியுங்கள். இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். இல்லையென்றால் அவர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் யாராவது இருப்பார்கள். போய் வந்து எனக்கு எழுதுங்கள்.