பில்லில் காரணம் எழுதாத தள்ளுபடி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா அவர்களுக்கு வணக்கம். என் கைப்பேசி போஸ்ட்பெய்டு இணைப்பு. சில மாதங்களாக மாத வாடகைக்குக் கீழே ‘தள்ளுபடி’ என்று 100 ரூபாயைக் கழித்துப் பில் போடுகிறார்கள். எதற்காக என்று ஒரு வரிகூட இல்லை. நானும் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. காரைக்குடியில் பணம் கட்டும் இடத்தில் விசாரித்தால், “குறைத்துத்தானே போட்டிருக்கிறார்கள் ஆச்சி, பேசாமல் கட்டிவிட்டுப் போங்கள்” என்கிறார்கள். மலாயாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போயிருந்த எங்கள் அப்பச்சி (அப்பா), விவரம் எழுதாத வரவைப் பேரேட்டில் ஏற்ற விடமாட்டார்கள். பின்னொரு நாள் இந்த நூறு நூறையும் சேர்த்துப் பாக்கி என்று கேட்பார்களோ என்று கவலையாக இருக்கிறது. பழைய பில் ஒன்றையும் புதிய பில் ஒன்றையும் இணைத்திருக்கிறேன்.
— வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி அவர்களுக்கு வணக்கம். தாங்கள் இரண்டு பில்களையும் சேர்த்து அனுப்பியது மிகவும் நல்லதாயிற்று. புதிய பில் மட்டும் வந்திருந்தால் விஷயம் பிடிபட்டிருக்காது. பழைய பில்லில் மாத வாடகை 399 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 71 ரூபாய் 82 காசு, மொத்தம் 470 ரூபாய் 82 காசு. புதிய பில்லில் வாடகை 499 ரூபாய், தள்ளுபடி 100 ரூபாய், மீதி 399 ரூபாய்க்கு அதே 71 ரூபாய் 82 காசு வரி, மொத்தமும் அதே 470 ரூபாய் 82 காசு. அதாவது, தள்ளுபடி தொடங்கிய பிறகும் தாங்கள் கட்டும் தொகை ஒரு காசுகூடக் குறையவில்லை. திட்டத்தின் பெயர் இருக்கும் வரியைப் பாருங்கள்; இரண்டு பில்களிலும் அது வெவ்வேறாக இருக்கிறது. பழைய திட்டத்திலிருந்து தங்களை 499 ரூபாய்த் திட்டத்துக்கு மாற்றிவிட்டு, உடனே பில் ஏறினால் வாடிக்கையாளர் விலகிவிடுவார் என்பதற்காக அந்த வித்தியாசத்தைத் தற்காலிகமாகக் கழித்துக் காட்டுகிறார்கள் என்றே நான் கருதுகிறேன்.

எனவே தாங்கள் கவலைப்பட வேண்டியது பழைய நூறுகளைப் பற்றியல்ல. பில்லிலேயே கழித்துக் காட்டி, கழித்த பிறகு மிஞ்சிய தொகைக்கு மட்டும் வரி போட்டிருப்பதால், 399 ரூபாய்தான் அந்த மாதத்தின் விலை என்று நிறுவனமே எழுதிக் கொடுத்துவிட்டது. பணம் கட்டி முடித்த மாதங்களுக்கு அதைப் பின்னால் பாக்கி என்று சொல்வது அவர்களுக்கு எளிதல்ல. அப்படிக் கேட்டால் எழுத்து மூலம் காரணம் கேட்டு மறுக்கலாம். கவனிக்க வேண்டியது தள்ளுபடி நிற்கும் மாதத்தைத்தான். அன்று 499 ரூபாய் முழுமைக்கும் வரி ஏறி, பில் 588 ரூபாய் 82 காசு ஆகிவிடும். நின்றது 100 ரூபாய். கூடுவதோ 118 ரூபாய். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும்படி ஏற்பாடு செய்திருந்தால், இது கண்ணில் படுவதற்குள் இரண்டு மூன்று மாதங்கள் கடந்துவிடும்.

தள்ளுபடி எல்லாமே இப்படிப்பட்டவை என்று சொல்ல மாட்டேன். வேறு நிறுவனத்துக்கு மாறப்போவதாகச் சொன்னவரைத் தக்கவைக்க ஆறு மாதம் குறைத்துக் கொடுப்பார்கள். வீட்டு பிராட்பேண்டும் கைப்பேசியும் ஒரே கணக்கில் இருந்தால் குறைப்பார்கள். முன்பு தவறாகக் கூடுதலாக வாங்கியதைப் புகாருக்குப் பிறகு கழிப்பதும் உண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, முடியும் நாள் வேறு. எல்லாவற்றையும் ‘தள்ளுபடி’ என்ற ஒற்றைச் சொல்லில் போட்டு மூடிவிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வயதானவர்கள் குறுஞ்செய்தியில் வரும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கட்டுகிறார்கள் என்பது தெரிந்திருந்தும் காரணத்தை எழுதாமல் விடுவது பெரிய குறை.

தாங்கள் செய்ய வேண்டியது இதுதான். தங்கள் எண்ணிலிருந்தே 198 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்து, இந்தத் தள்ளுபடியின் பெயர் என்ன, எந்தத் தேதியில் தொடங்கியது, எந்தத் தேதியில் முடியும், திட்டத்தை மாற்றியது எப்போது, யாருடைய சம்மதத்தின் பேரில் என்று கேளுங்கள். வாய்ப் பதிலோடு விட்டுவிடாமல் புகார் எண்ணைக் கட்டாயம் வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். பதிலையும் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்பச் சொல்லுங்கள். ஒரு திட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்கு அதன் கட்டணத்தை வாடிக்கையாளருக்குப் பாதகமாக உயர்த்தக் கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதி; ஆகையால் மாற்றிய தேதி தங்களுக்கு முக்கியம். பதில் திருப்தி தராவிட்டால், 30 நாள்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் கிடையாது; 39 நாள்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். பலர் நேரே ட்ராய்க்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். தனிநபர் புகாரை ட்ராய் விசாரித்துத் தீர்ப்பதில்லை. கடைசி வழியாகச் சிவகங்கையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசி வழக்குகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. முடியும் தேதி தெரிந்துவிட்டால் அந்த அளவுக்கே போக வேண்டியிராது. அதற்கு முன்பே குறைந்த வாடகைத் திட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம், அல்லது பாக்கி இல்லாமல் கட்டிவிட்டு 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்பி, எண்ணை மாற்றாமலே வேறு நிறுவனத்துக்குப் போகலாம்.

கேள்வி: அரிசி ஆலையின் கணக்கை எழுதுகிறேன். அலுவலகக் கைப்பேசி பில்லில் தள்ளுபடிக்கு முந்தைய தொகைக்கு ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறார்கள், தள்ளுபடியை வரிக்குப் பிறகு கடைசி வரியில் கழித்திருக்கிறார்கள். இது சரியா?
— வாசகர், புதுவயல்

பதில்: அந்த மாதச் சேவைக்காக அந்தப் பில்லிலேயே கொடுத்த தள்ளுபடி என்றால், அதைக் கழித்த மதிப்புக்குத்தான் வரி, மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 15ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வரிக்குப் பிறகு கழித்திருந்தால், முந்தைய மாதத்தில் கூடுதலாக வாங்கியதைத் திருப்பும் சரிக்கட்டலாகவும் இருக்கலாம். எது என்று எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, அதன் பிறகு உள்ளீட்டு வரி வரவை (பில்லில் கட்டிய ஜி.எஸ்.டி.யை ஆலை கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வதை) எடுங்கள்.

கேள்வி: என் மகன் சென்னையில் வேலை பார்த்தபோது அவனுடைய கம்பெனி மூலம் எனக்கும் ஓர் இணைப்பு வாங்கிக் கொடுத்தான். பில்லில் எப்போதும் தள்ளுபடி இருக்கும். இப்போது அவன் சிங்கப்பூர் போய்விட்டான். தள்ளுபடி இன்னும் வருகிறது. அப்படியே விட்டுவிடலாமா?
— வாசகர், தேவகோட்டை

பதில்: விட்டுவிட வேண்டாம் ஐயா. பில்லில் முதலில் பார்க்க வேண்டியது தள்ளுபடியை அல்ல, பெயரை. தங்கள் பெயர் இருந்தால், சலுகை நின்றதும் சாதாரண வாடகை வரும், அவ்வளவுதான். கம்பெனியின் பெயர் இருந்தால், எண்ணே அவர்களுடையது. பணியாளர் பட்டியலிலிருந்து தங்கள் மகனின் பெயரை நீக்கும் நாளில் தங்கள் இணைப்பும் சேர்ந்து துண்டிக்கப்படலாம். வங்கிக்கும் ஆதாருக்கும் அந்த எண்ணையே கொடுத்திருப்பீர்கள் என்பதால் இது சிறிய விஷயமல்ல. மகனிடம் சொல்லி, எண்ணைத் தங்கள் பெயருக்கு மாற்ற ஆட்சேபணை இல்லை என்று கம்பெனியின் கையொப்ப அதிகாரியிடமிருந்து கடிதம் வாங்கச் சொல்லுங்கள். மகனுடன் வேலை பார்த்தவர்கள் இன்னும் அங்கே இருக்கும்போது அதை வாங்குவது எளிது.